ஆசிரியர் சட்டையில் ஒரு வானொலி நிலையம்

நம் பிள்ளைகளில் சிலரை "மக்கு" என்றும் "சொல்பேச்சுக் கேளாதவன்" என்றும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அப்படிப் பெயர் வாங்கியவர்களுள் சிலருக்குக் குறை அறிவில் இல்லை, காதில் இருக்கிறது. அதைக் கண்டறியாவிட்டால் பேச்சு வளர்வது தடைப்படும்; படிப்பும் பின்தங்கும். பிறகு அப்பிள்ளை பள்ளியை விட்டு நின்று, வீட்டோடு முடங்கிவிடும்.

"லாரிச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறானே, அவனுக்கா காது கேட்கவில்லை?" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. காது மந்தம் என்பது எப்போதும் முழுச் செவிடு அன்று. கோயில் மேளமும் லாரி இரைச்சலும் வலுவான ஒலிகள். ச, த, ப போன்ற எழுத்துகளின் ஒலிகளோ மெல்லியவை. சில பிள்ளைகளுக்கு மேளம் கேட்கும்; ஆனால் கட்டு, தட்டு, பட்டு என்ற மூன்றும் ஒன்றுபோலவே காதில் விழும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே என்றால் அதுவும் போதாது. படம், மடம் என்று சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் அசைகிறது.

இத்தகைய பிள்ளைக்குக் காதுக் கருவி பெரிதும் உதவும். அதனுள் ஒரு மைக், ஒலியைப் பெருக்கும் பகுதி, ஒரு சின்ன ஒலிபெருக்கி ஆகியவை இருக்கின்றன. இக்காலக் கருவிகளைப் பிள்ளையின் காதுக்கு ஏற்றபடி கணினி மூலம் சரிப்படுத்துகிறார்கள். ஆயினும் மூக்குக் கண்ணாடி போட்டவுடன் எழுத்து தெளிவாகத் தெரிவதுபோல, கருவி மாட்டியவுடன் பாடம் தெளிவாகக் கேட்டுவிடாது. ஆசிரியர் குரலோடு மின்விசிறியின் ஓசை, நாற்காலி இழுக்கும் சத்தம், தகரக் கூரையில் மழை கொட்டும் இரைச்சல் ஆகியவற்றையும் அது பெருக்கிவிடுகிறது.

தூரமும் ஒரு தடை. திறந்த வெளியில் 2 அடி தூரத்தில் கேட்கும் குரல், 4 அடிக்குப் போனால் நான்கில் ஒரு பங்கு வலிமையே பெறும். வகுப்பறையில் சுவர்களின் எதிரொலியும் சேர்ந்து சொற்களைக் குழப்பிவிடும்.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. ஆசிரியர் தம் சட்டையில், வாய்க்கு ஒரு சாண் கீழே, சிறிய மைக் ஒன்றை மாட்டிக்கொள்கிறார். அது அவர் குரலை வானொலி அலையாக்கி அனுப்புகிறது. பிள்ளையின் காதுக் கருவியோடு இணைந்த வாங்கி அதைப் பெற்றுக்கொள்கிறது. இந்தப் பேச்சு உங்கள் வீட்டுக்கு வருவதும் இதே முறையில்தான். பேசுபவர் பல மைல் தொலைவில் இருந்தாலும், பக்கத்தில் இருந்து பேசுவதுபோல் கேட்கிறதல்லவா? அதுபோல ஆசிரியர் கரும்பலகையருகே நின்றாலும் அவர் குரல் காதருகே ஒலிக்கும். வேறொரு மாணவன் பதில் சொல்லும்போது மைக்கை அவனிடம் கொடுக்க வேண்டும். இல்லையேல் அந்தப் பதில் இவனுக்கு எட்டாது.

கருவியால் பயன் பெற முடியாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குக் கண்ணே காது. 1954-ஆம் ஆண்டில் பினாங்கு தஞ்சோங் பூங்காவில் காது கேளாதோருக்கான பள்ளி தொடங்கப்பட்டது. அன்று வகுப்பில் வாய்ப்பேச்சுக்கே முதலிடம். ஆனால் பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே தங்களுக்குள் கைச்சைகைகளை உருவாக்கிப் பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு இயல்பாக வந்தது எது என்பதை அதுவே காட்டிற்று. பின்னர் பள்ளிகளும் சைகைக்கு இடம் கொடுத்தன. 2008-ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம் மலேசியச் சைகைமொழியைக் காது கேளாதோரின் அதிகாரப்பூர்வ மொழியாக ஏற்றுக்கொண்டது.

இன்று சைகைமொழிப் பாடத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, வீட்டில் தாயும் பிள்ளையும் சேர்ந்து திரும்பத் திரும்பப் பார்க்கலாம். பேசுவதை அவ்வப்போதே எழுத்தாக்கிக் காட்டும் கைப்பேசிச் செயலிகளும் உண்டு. தமிழிலும் மலாயிலும் அவை இயங்குகின்றன. சில சொற்களைத் தவறாகக் காட்டுமாதலால், ஆசிரியர் முக்கியமானவற்றைப் பலகையில் எழுதிவிடுவது நல்லது.

பெற்றோர் செய்ய வேண்டியவை சில உண்டு. கதவு படாரென்று சாத்தியும் குழந்தை திடுக்கிடவில்லையா? ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லையா? காதில் சீழ் வடிகிறதா? தாமதிக்க வேண்டாம். காய்ச்சிய எண்ணெய் ஊற்றவே வேண்டாம். கிளினிக்கில் காட்டிக் கடிதம் பெற்று, பீடோங்கில் உள்ளவர்கள் பக்கத்துச் சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்குச் செல்லலாம். சமூக நலத்துறையில் பதிந்து ஓ.கே.யூ. அட்டையும் பெறுங்கள். கருவி கிடைத்தால், இரவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். வியர்வையும் ஈரமும் அதற்குப் பகை.

மைக்கும் கருவியும் விலை கூடியவை. உடனே கிடைக்காமல் போகலாம். அதுவரை காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளையை முன்வரிசையில், விசிறிக்கும் சன்னலுக்கும் தள்ளி உட்கார வைக்குமாறும், முகம் பார்த்துப் பேசுமாறும் ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஆசிரியர் அதைச் செய்தால், பாடத்தில் பாதியாவது நாளைக்கே அந்தப் பிள்ளையைச் சென்றடையும்.