எழுதாததையும் படிக்கக் கற்பித்தல்

'அந்தோணியும் வந்தான்.' இந்தத் தொடரைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "எத்தனை பேர் வந்தார்கள்?" என்று ஏழாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "ஒருத்தர் டீச்சர்" என்று பாதி வகுப்பு சொல்லும். கடைசி வரிசையிலிருந்து ஒரு குழந்தை, "இல்ல டீச்சர், அவனுக்கு முன்னாடியே வேற யாரோ வந்திருக்காங்க" என்று சொல்லும். அந்தக் குழந்தை 'உம்' என்ற இடைச்சொல்லையும் சேர்த்துப் படித்திருக்கிறது. எச்ச உம்மை என்று இலக்கணப் பாடத்தில் நாம் நடத்துவது இதைத்தான். ஆனால், நன்னூல் சொல்லும் உம்மையின் எட்டுப் பொருள்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவர்கூட, உரைநடைப் பத்தியில் அதே உம்மை வரும்போது அதைக் கண்டுகொள்வதில்லை.

எழுதியிருப்பதை வைத்து எழுதாததை அறிவதே உய்த்துணர்தல். யார், எங்கே, எப்போது என்ற வினாக்களுக்கு நம் மாணவர்கள் நன்றாகவே விடை எழுதுகிறார்கள். வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே எடுத்து எழுதினால் போதும். "ஏன்?", "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டவுடன் வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கு இது குறித்து ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 15 வயது மாணவர்களுக்கான பன்னாட்டுப் பிசா மதிப்பீட்டின் 2009 சுற்றில், அதன் நீட்டிப்பாகத் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. வாசிப்பில் அடிப்படை நிலையை எட்டிய தமிழ்நாட்டு மாணவர்கள் சுமார் 17 விழுக்காடு. வளர்ந்த நாடுகளின் சராசரி 81. அந்த வினாக்கள் நம் குழந்தைகளின் சூழலுக்குப் பொருந்தினவா என்று விவாதித்தவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. அந்தத் தேர்வு தகவலைத் தேடி எடுப்பதோடு நிற்கவில்லை. படித்ததை இணைத்துப் பொருள் கொள்ளவும், அதைப் பற்றி ஒரு முடிவுக்கு வரவும் கேட்டது. நம் வகுப்பறையில் பெரும்பாலும் முதலாவதுக்குத்தான் பயிற்சி தருகிறோம்.

உய்த்துணர்தல் ஏதோ வெளியிலிருந்து வந்த புதுக் கருத்து என்று எண்ண வேண்டியதில்லை. தோன்றா எழுவாய் என்று ஒன்றை வைத்திருக்கும் மொழி நம்முடையது. 'நேற்று வந்தாள்' என்றால் யார் வந்தாள் என்பதை முன் வரியிலிருந்து வாசிப்பவர்தாம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மணிமேகலையில் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை, அறியும் வழிகளுள் ஒன்றாக அருத்தாபத்தியைக் கூறுகிறது. கங்கையில் ஆயர் குடியிருப்பு இருக்கிறது என்றால், கங்கைக் கரையில் என்று கொள்வதுதான் அது. "எங்க வீடு கடல்லதான் டீச்சர் இருக்கு" என்று எங்கள் ஊர்ப் பிள்ளை சொல்லும்போது நாமும் அப்படித்தானே புரிந்துகொள்கிறோம்!

வகுப்புக்காக நானே எழுதிக்கொண்ட சிறு பத்தி ஒன்று:

'விடிந்துவிட்டது. பக்கத்து வீட்டு வள்ளம் கரைக்கு வந்து, மீனும் ஏலம் போய்விட்டது. ஜெனிட்டாவின் அம்மா தூக்குவாளியுடன் இன்னும் கரையிலேயே நின்றாள். ஜெனிட்டா அன்று பள்ளிக்குப் புறப்படவில்லை.'

அம்மா யாருக்காக நிற்கிறாள்? 'அப்பா' என்ற சொல் பத்தியில் எங்கும் இல்லை. ஆனால் கடற்கரைப் பிள்ளைகள் ஒரே குரலில் "அப்பாவுக்கு" என்றார்கள். இதே மாவட்டத்தின் உட்பகுதியில், கரிசல் காட்டுப் பள்ளியில் இதைக் கொடுத்தபோது, "மீன் வாங்க நிக்காங்க" என்று விடை வந்தது. "பால் வாங்க" என்றும் ஒருவன் சொன்னான். தூக்குவாளி அவனுக்குப் பால் வாங்கும் பாத்திரம். அந்தப் பிள்ளைகளின் வாசிப்பில் குறையில்லை, கடல்தான் அவர்களுக்குப் பழக்கமில்லை. மாறாக, 'முதல் மழை பெய்த மறுநாளே மாமா கடன் கேட்டு வந்தார்' என்ற வரியைக் கொடுத்தால் கரிசல் பிள்ளைகள் "விதை வாங்க" என்று சட்டென்று சொல்வார்கள். எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் விழிப்பார்கள். பத்தியில் உள்ள குறிப்பு பாதி, வாசிப்பவர் கொண்டுவரும் அறிவு பாதி. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விடை வராது. அதனால்தான் புதுச் சூழல் உள்ள பாடத்துக்கு முன் ஐந்து நிமிடம் பேசுவதை நேர விரயம் என்று நான் நினைப்பதில்லை.

இருக்கும் அறிவு பாதியாக இருந்தால் தவறான முடிவும் வரும். 'தூத்துக்குடி துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்ற செய்தியைக் கொடுத்து, "இன்று இங்கே புயல் அடிக்குமா?" என்று கேட்டால் பலரும் "அடிக்கும்" என்பார்கள். 1ஆம் எண், தொலைவில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருப்பதைக் காட்டும் முன்னறிவிப்பு. துறைமுகத்துக்கு அதனால் உடனடி ஆபத்து இல்லை. 3ஆம் எண் என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசும் நிலை. எண்ணின் பொருள் தெரிந்த பிறகு அதே பிள்ளைகள் செய்தியைத் திரும்பப் படித்து வேறு முடிவுக்கு வந்தார்கள். வீட்டில் செய்தித்தாள் படித்துச் சொல்வது பல இடங்களில் இந்தப் பிள்ளைகள்தாம். படகை இறக்கலாமா வேண்டாமா என்ற பேச்சு அந்த வாசிப்பைக் கேட்ட பிறகுதான் தொடங்குகிறது.

ஜெனிட்டா பத்திக்குத் திரும்பலாம். "அவங்க அப்பா கடல்ல இறந்துட்டாரு" என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளும் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள் என்பதால், இப்படி ஒரு விடையைச் சரி, தப்பு என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. "எந்தச் சொல்லைப் பார்த்து இப்படி நினைத்தாய்?" என்று மட்டும் கேட்டேன். அவன் பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்த மாணவி, "அம்மா தூக்குவாளியைக் கீழ வைக்கல டீச்சர். சாப்பாடு குடுக்கத்தான் நிக்காங்க. வருவாருன்னு நினைக்காங்க" என்றாள். இறந்துவிட்டார் என்பதற்குப் பத்தியில் குறிப்பில்லை, தாமதமாகிறது என்பதற்கு இருக்கிறது. ஊகிப்பதற்கும் உய்த்துணர்வதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் நோட்டில் மூன்று கட்டம் போடச் சொல்கிறேன்: பத்தியில் இருப்பது, எனக்குத் தெரிந்தது, அதனால் நான் நினைப்பது. மூன்றாம் வகுப்புக்கு இது பாரம். அங்கே படத்தைக் காட்டி வாய்மொழியாகக் கேட்டாலே போதும். உப்பளத்தில் உப்புக் குவியல்களை அவசரமாகத் தார்ப்பாய் போட்டு மூடும் படத்தைக் காட்டினால், "மழை வரப்போகுது" என்று படிக்கத் தெரியாத குழந்தையும் சொல்லும். மேல் வகுப்புகளில் கட்டம் நன்றாகவே உதவுகிறது, நடுக்கட்டம் காலியாக இருந்தால் எங்கே சிக்கல் என்று எனக்கும் தெரிந்துவிடும்.

ஒன்பதாம் வகுப்புக்கு முத்துக்குளிப்பு பற்றிய பத்தியை வைத்துக்கொள்கிறேன். தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961 உடன் நின்றுபோனது. அதற்கு முன்பும் ஆண்டுதோறும் நடந்ததில்லை. குளிப்பு அறிவிக்கும் முன் பாரிலிருந்து மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, திறந்து, கிடைத்த முத்துகளை மதிப்பிடுவார்கள். அதன் பிறகே முடிவு. 'பார்' என்பது கடலடியில் சிப்பி படிந்திருக்கும் மேட்டுநிலம். அந்தப் பொருளையும் நான் சொல்வதில்லை, வரியிலிருந்தே கண்டுபிடிக்க விட்டுவிடுவேன். "சில ஆண்டுகளில் குளிப்பு ஏன் நடக்கவில்லை?" என்பதுதான் வினா. "மாதிரியில் கிடைத்த முத்துக்கு விலை இல்லாததால்" என்று சிலர் எழுதுகிறார்கள். "பாரில் போதுமான சிப்பி இல்லாததால்" என்று சிலர் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் பத்தியில் ஆதாரம் காட்ட முடிகிறது, இரண்டுக்கும் முழு மதிப்பெண் போடுகிறேன். "அரசு தடை போட்டதால்" என்று எழுதியவருக்குப் போடுவதில்லை. விடைக்குறிப்பில் ஒரே விடை இருக்கும் தேர்வுகளில் என்ன செய்வது என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். காலாண்டுத் தேர்வுக்கு முன் பாட ஆசிரியர்கள் நாங்கள் உட்கார்ந்து, இந்த வகை வினாக்களுக்கு விடையோடு எந்த வரி ஆதாரம் என்பதையும் விடைக்குறிப்பில் சேர்த்துக்கொண்டோம். திருத்துவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது.