வின்சில் சிக்கிய கைக்கு யார் பொறுப்பு?

பேருவளையிலும் வாழைச்சேனையிலும் சாய்ந்தமருதிலும் கடை வைத்து வியாபாரம் பார்த்துக்கொண்டே ஆழ்கடல் படகொன்றில் முதல் போட்டவர்கள் நம்மில் பலர் உள்ளனர். படகு கரைக்கு வந்ததும் கணக்குப் பார்ப்பார்கள். டீசல், ஐஸ், இரை, சாப்பாட்டுச் செலவு கழிந்து மீதிப் பணம் முதலாளிக்கும் ஆட்களுக்கும் பங்காகும். வலை அறுந்தது, இஞ்சின் பழுதானது எல்லாம் அந்தக் கணக்கில் வரும். ஒருவரின் கை போனது மட்டும் வருவதில்லை. அது அவருடைய நசீபு என்று விட்டுவிடுகிறோம்.

கடல் விபத்து என்றதும் புயலும் படகு கவிழ்வதும்தான் நினைவுக்கு வருகின்றன. அமைதியான கடலில், பகல் வெளிச்சத்திலேயே கை கால்களைப் பறிக்கும் இயந்திரங்கள் படகுக்குள் இருப்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

வலை இழுக்கும் வின்சை எடுத்துக்கொள்ளுங்கள். சுழலும் உருளையில் கயிற்றை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, அதன் நுனியை ஒருவர் பிடித்து இழுக்கிறார். கயிற்றைத் தளர்த்தினால் உருளை வெறுமனே சுழலும். ஆனால் ஒரு சுற்று மற்றதன் மேல் ஏறிவிட்டால் தளர்த்தியும் பயனில்லை. கையுறையின் நுனியோ சட்டைக் கையோ அதில் அகப்பட்டால் கை உள்ளே போய்விடும். நிறுத்தும் பிடியோ எட்டாத இடத்தில் இருக்கும். அமெரிக்காவின் அலாஸ்கா கடலில் சுருக்குவலைப் படகுகளில் இத்தகைய காயங்கள் தொடர்ந்ததால், அந்நாட்டின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வின்சின் தலையிலேயே பெரியதொரு நிறுத்தும் பொத்தானைப் பொருத்தும் முறையை உருவாக்கியது. சிக்கியவர் தன் உடம்பாலேயே அழுத்தி வின்சை நிறுத்திவிடலாம். நமது படகுகளிலும் ஒரு நல்ல மெக்கானிக்கால் நிறுத்தும் பிடியைக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவர முடியும்.

இஞ்சின் அறையின் கதை வேறு. இடுக்கான இடம், ஆடும் படகு, வழுக்கும் எண்ணெய், இடுப்பில் சாரம். பெல்ட் மாற்றுவதற்காகக் கழற்றிய மூடி மறுபடி பூட்டப்படாமல் ஏதாவது மூலையில் கிடக்கும். சுழலும் ஷாப்ட்டில் சாரத்தின் ஓரம் சிக்கினால் ஆளை இழுத்துவிடும். அந்த மூடியைப் பூட்டப் பத்து நிமிடம் கூடச் செல்லாது.

சட்டத்துக்கு வருவோம். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டினது. 2005 இல் ஐந்தரை இலட்சம் ரூபாயாக இருந்த நட்டஈட்டின் உச்சவரம்பு, 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இருபது இலட்சமாக உயர்ந்தது. எந்த உறுப்பை இழந்தால் உழைக்கும் ஆற்றலில் எவ்வளவு வீதம் குறைந்ததாகக் கொள்வது என்பதற்கு அட்டவணையும் உண்டு. பாதுகாப்பு மூடியைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றியதால் காயம் நேர்ந்தால், முதலாளி அதைத் தன் பக்க நியாயமாகக் காட்டலாம். ஆனால் மூடியே இல்லாத இஞ்சினில் அகற்றுவதற்கு என்ன இருக்கிறது?

“அவர் கூலியாள் அல்ல, பங்குக்காரர்” என்பது முதலாளிமாரின் வழக்கமான பதில். இந்தப் பதிலை நம்பி இருந்துவிடாமல் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சர்வதேச தொழில் அமைப்பு மீன்பிடித் தொழில் பற்றி 2007 இல் நிறைவேற்றி, 2017 இல் நடைமுறைக்கு வந்த சமவாயம், பங்குக்கு வேலை செய்கிறவரையும் மீனவர் என்றே வரையறுக்கிறது. உலகம் போகும் திசை அதுதான். சட்டத்தை விடுங்கள், பங்கின் கணக்கையே பாருங்கள். முழாரபாவில் நட்டம் வந்தால் முதல் போட்டவர் முதலை இழக்கிறார், உழைத்தவர் உழைப்பை இழக்கிறார் என்று நாம் படித்திருக்கிறோம். மீனவரின் முதல் அவரது இரண்டு கைகள். அதில் ஒன்று போனால் அந்தப் பயணத்தின் உழைப்பு மட்டுமா போகிறது? இனி வரும் பயணங்களின் உழைப்பும் போய்விடுகிறது.

விபத்து நடந்துவிட்டால், முதலில் இஞ்சினை நிறுத்தி, காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். துண்டான விரலை ஐசில் நேரடியாகப் போடக்கூடாது. ஈரத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் இட்டு, பையைத்தான் ஐசின் மேல் வைக்க வேண்டும். படகு நிறைய ஐஸ் இருப்பதால் இந்தத் தவறு எளிதில் நேரும். ஒருநாள் படகென்றால் விரலைப் பொருத்தும் வாய்ப்புண்டு. படகு கரையை அடைவதற்கு முன்பே 1990 அம்பியூலன்ஸ் துறைமுகத்தில் காத்திருக்க ஏற்பாடு செய்யலாம். பல நாள் தூரத்தில் இருப்பவர்கள் வானொலியில் உடனே அறிவிக்க வேண்டும். கடற்படைத் தலைமையகத்திலுள்ள மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் அருகிலுள்ள கப்பலின் உதவியைக் கேட்கும்.

படகுக்குக் காப்புறுதி எடுத்தவர்கள் அந்தப் பத்திரத்தை ஒருமுறை விரித்துப் பார்க்கட்டும். பலகைக்கும் இஞ்சினுக்கும் எடுத்த காப்புறுதியில் ஆட்கள் தாமாக அடங்கிவிடுவதில்லை. வட்டி, சூது பற்றிய தயக்கத்தால் காப்புறுதியே வேண்டாமென்று இருப்பவர்களுக்கு நாட்டில் தகாஃபுல் முறை இருக்கிறது. தனிநபர் விபத்துக் காப்பு உண்டா, கடலில் நேரும் காயம் அதில் அடங்குமா, பயணத்துக்குப் பயணம் ஆள் மாறினால் பெயர் மாற்றிக்கொள்ளலாமா என்ற மூன்றையும் முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.