கழுவலைத் தாங்கும் அடையாளத் தகடு

கடனில் வாங்கிய இயந்திரங்களைப் பார்வையிட வரும் வங்கி அலுவலரின் கையில் ஒரு பட்டியல் இருக்கும். இயந்திரத்தின் பெயர், தயாரிப்பாளர், வரிசை எண் ஆகியவை அதில் காணப்படும். அச்சகத்தில் இந்த ஆய்வு விரைவில் முடிந்துவிடும். இறைச்சி ஆலையில் அப்படியன்று. ஒரே தோற்றமுடைய நான்கு அரைவை இயந்திரங்கள் நிற்கும். இரண்டின் லேபிள்களில் எழுத்து வெளிறியிருக்கும். மூன்றாவதன் ஓரம் சுருண்டிருக்கும். நான்காவது இருந்த இடத்தில் பசைக் கறை மட்டுமே எஞ்சியிருக்கும். எது எந்தக் கடனுக்கு ஈடு என்று கூற ஆலை மேலாளரும் தடுமாறுவார். விபத்து நேர்ந்து காப்பீட்டு இழப்பீடு கோரும் நாளில் இத்தடுமாற்றம் பணமாகவே கணக்கிடப்படும்.

அலிகர், மீரட் பகுதிகளில் இயங்கும் எருமை இறைச்சி ஏற்றுமதி ஆலைகளை எடுத்துக்கொள்வோம். அங்கே லேபிளைக் கெடுப்பது பகல் வேலையைக் காட்டிலும் வேலை முடிந்தபின் நடக்கும் கழுவல்தான். கொழுப்பைக் கரைக்க வெந்நீர், அதன்மேல் காரத்தன்மை மிக்க நுரை, பிறகு உயர் அழுத்த நீர், இறுதியில் குளோரின் கலந்த நீர் என ஒவ்வொரு வேலை நாளும் இது தொடரும். கத்திகளைத் தூய்மை செய்யும் நீர் 82 பாகை செல்சியசில் இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் நிலைபெற்ற முறை. அதே வளாகத்தில் உறைநிலைக் கிடங்கு −18 பாகையில் இயங்கும். விரைவாக உறையவைக்கும் அறை அதனினும் குளிர்ந்தது. ஆகவே, ஆலை முழுமைக்கும் ஒரே வகை லேபிள் வாங்குவது சிக்கனம் போலத் தோன்றினாலும் வீண் செலவே.

நுரை படும் இயந்திரங்களுக்குத் தாள் லேபிள் உதவாது. அலுமினியத் தகடு பார்வைக்கு உறுதியானது. எனினும் காஸ்டிக் சோடா கலந்த நுரை அதனை அரித்துவிடும். இதனை அறியாமல் அலுமினியத் தகடு பதித்து ஏமாந்தவர் பலர். துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் ஆழமாகப் பொறித்த எண்ணே நீடிக்கும். குளோரின் மிகுதியாகப் புழங்கும் இடமெனில் 304 வகையைவிட 316 வகை எஃகு ஏற்றது. நேரடியாக நீர் படாத மின்பெட்டிகளுக்குப் பாலியெஸ்டர் லேபிள் போதும். அதிலும் எழுத்து ரெசின் ரிப்பனால் அச்சிடப்பட்டிருத்தல் நலம். வெப்பம் பட்டுக் கறுக்கும் தாளில் அச்சிட்டது வெகு விரைவில் மங்கும்.

பசையைப் பற்றித்தான் வாங்குவோர் குறைவாக விசாரிக்கின்றனர். பசைக்கு இரண்டு வெப்பநிலைகள் உண்டு: ஒட்டிய பின் தாங்குவது ஒன்று, ஒட்டும்போது தேவைப்படுவது மற்றொன்று. −40 பாகையைத் தாங்கும் என விற்கப்படும் லேபிளையும் பனி படிந்த பெட்டிமீது ஒட்டினால் அது பிடிக்காது. உறைநிலைப் பெட்டிகளுக்கு, குளிரிலேயே ஒட்டத்தக்க பசை கொண்ட லேபிளைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பெட்டியிலுள்ள தொகுதி எண் கழன்று விழுந்தால், ஏதேனும் குறை கண்டு சரக்கைத் திரும்பப் பெற நேரும்போது ஐம்பது பெட்டிகளுக்குப் பதில் கிடங்கையே நிறுத்தி வைக்க வேண்டியதாகும்.

கழன்ற லேபிள் போய்ச் சேரும் இடமும் கவனிக்கத்தக்கது. அது இறைச்சியில் கலக்கலாம். அதனால்தான் உணவு ஆலைகளில் நீல நிறத்தை விரும்புகின்றனர். இறைச்சியில் நீலம் பளிச்செனத் தெரியும். உலோகங்காட்டும் கருவியில் சிக்கும்படி உலோக இழை சேர்த்த லேபிள்களும் கிடைக்கின்றன. தகட்டை ரிவெட் ஆணியால் பதிப்பதில் இரண்டு குறைகள் உள்ளன: இடுக்கில் அழுக்கு தங்கும், ஆணியே கழன்று விழவும் கூடும். இறைச்சி திறந்த நிலையில் கடந்துசெல்லும் இடத்திற்கு மேல் எந்த லேபிளும் வேண்டாம்.

மொத்தமாக வாங்குமுன் விற்பனையாளரிடம் மாதிரிகளைக் கேளுங்கள். ஒட்டுமிடத்தைக் கொழுப்பு நீங்கத் துடைத்து உலர்த்தி, லேபிளை ஒட்டி, ஒரு நாள் நீர் படாமல் விட்டு, பின் ஒரு மாதம் வழக்கமான கழுவலுக்கு உட்படுத்துங்கள். நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பழைய தகட்டை மாற்றும்போது இரண்டையும் அருகருகே வைத்துப் படமெடுத்து, வரிசை எண்ணுடன் தங்கள் வங்கிக் கிளைக்கும் காப்பீட்டு நிறுவனத்திற்கும் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள்.