சின்ன விளக்கொன்று செலவைச் சொன்னால்...

மின்கட்டணப் பட்டியல் வந்து சேரும் நாளில் பல வீடுகளில் ஒரு விசாரணை நடக்கிறது. "இவ்வளவு எப்படி வந்தது?" என்று வாப்பா கேட்பார். "பிள்ளைகள் லைட்டை அணைப்பதேயில்லை" என்பார் உம்மா. பிள்ளைகள் மறுப்பார்கள். கடைசியில் பழி யாராவது ஒருவர் தலையில் விழும். பெரும்பாலும் அது சமையலறையில் நிற்பவரின் தலையாகவே இருக்கும். செலவு எங்கே ஏறியது என்பது மட்டும் எவருக்கும் தெரியாது.

காரணம் எளிது. அரிசி வாங்கினால் எடை தெரிகிறது. துணி வாங்கினால் யார் தெரிகிறது. மின்சாரமோ கண்ணுக்குத் தெரியாமல் வந்து, கண்ணுக்குத் தெரியாமலே செலவாகிவிடுகிறது. கடைக்காரர் எந்தப் பொருளுக்கும் விலை சொல்லாமல், மாத முடிவில் மொத்தத் தொகையை மாத்திரம் எழுதித் தந்தால் ஒரு குடும்பம் சிக்கனமாக வாழ முடியுமா? வீண்விரயம் கூடாது என்பது நமக்குத் தெரியாத பாடமல்ல. எது விரயம் என்பதுதான் தெரிவதில்லை.

இருக்கும் விளக்குகள் சொல்வது என்ன?

நமது வீட்டுச் சாதனங்களில் ஏற்கனவே சின்னஞ்சிறு விளக்குகள் இருக்கின்றன. ஆனால் அவை சொல்வது "இயங்குகிறேன்" என்ற ஒரு செய்தியை மட்டுமே. "எவ்வளவு குடிக்கிறேன்" என்று அவை சொல்வதில்லை.

ரைஸ் குக்கரைப் பாருங்கள். சோறு வேகும்போது ஒரு விளக்கு எரிகிறது. வெந்தபின் சூடு காக்க மற்றொரு விளக்கு எரிகிறது. இரண்டும் ஒரே அளவு வெளிச்சம். ஆனால் வேகும்போது 600 வொட் இழுக்கும் குக்கர், சூடு காக்கும்போது 40 வொட் அளவே இழுக்கலாம்.

தொலைக்காட்சியின் சிவப்புப் புள்ளியைக் கண்டால் பதறுகிறோம். புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் அந்த நிலையில் செலவு ஒரு வொட்டுக்கும் குறைவு. ஆனால் அணைத்ததுபோல் தோன்றும் வேறொரு பெட்டி உள்ளுக்குள் 10 வொட் இழுத்துக்கொண்டிருந்தால், மாதத்துக்கு 7 அலகுகளுக்கு மேல் போய்விடும். பதற வேண்டிய இடத்தில் நாம் பதறுவதில்லை.

மூன்று வேலை, ஒரே செலவு

1000 வொட் சக்தியை ஒரு மணித்தியாலம் பயன்படுத்தினால் அது ஓர் அலகு. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பின்வரும் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

60 வொட் மின்விசிறி இரவில் 8 மணித்தியாலம் சுழன்றால் ஏறத்தாழ அரை அலகு. 1000 வொட் அயன் அரை மணித்தியாலம் விடாமல் சூடேறினால் அரை அலகு. 3000 வொட் குளியலறை வெந்நீர்ச் சாதனம் 10 நிமிடம் ஓடினால் அதுவும் அரை அலகு.

ஓர் இரவு முழுவதும் குழந்தைக்குக் காற்று வீசியதும், ஒருவர் 10 நிமிடம் வெந்நீரில் குளித்ததும் செலவில் சமம்! ஆனால் வீட்டில் எது அதிகம் கண்டிக்கப்படுகிறது? மின்விசிறிதான். அது சுழல்வது தெரிகிறது. வெந்நீரின் செலவு தெரிவதில்லை. வெப்பம் உண்டாக்கும் சாதனங்களே மின்சாரத்தை அதிகம் விழுங்குபவை. 9 வொட் எல்.ஈ.டி. மின்குமிழை அணைக்கச் சொல்லிப் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் நாம், ஒரு கோப்பைத் தேநீருக்காகக் கேத்தலை நிரப்பிக் கொதிக்க வைக்கிறோம்.

அறுபதைத் தாண்டினால்

நம் நாட்டில் இது சில்லறை விடயமல்ல. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. அதன் பின்னர் கட்டணம் இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. 2022இல் வந்த முறைப்படி, மாதத்துக்கு 60 அலகுகளைத் தாண்டும் வீட்டுக்கு முதல் அலகிலிருந்தே வேறு வீதம் கணிக்கப்பட்டது. அதற்கு மேலும் 90, 120, 180 என்று படிகள் உண்டு. ஆகவே மாதக் கடைசியில் சேரும் நாலைந்து அலகுகள் ஒரு குடும்பத்தைப் படி தாண்ட வைத்துவிடலாம். பட்டியல் கையில் வரும்போது திருத்திக்கொள்ளக் காலம் கடந்திருக்கும்.

நிறம் பேசிய ஓர் அனுபவம்

அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் ஒரு மின்சார நிறுவனம், தன் வாடிக்கையாளர்கள் சிலருக்கு ஒளிரும் கண்ணாடி உருண்டை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தது. மின்சாரத்துக்கு நெருக்கடியான நேரத்தில் அது சிவப்பாக ஒளிரும். மற்ற வேளையில் பச்சை. எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. சில வாரங்களில் அவ்வீடுகளில் நெருக்கடி நேரப் பாவனை 40 வீதம் குறைந்ததாக, 2008இல் வெளியான 'நட்ஜ்' என்ற நூலில் தேலரும் சன்ஸ்டீனும் எழுதினர். சிறு அளவில் நடந்த முயற்சிதான். ஆயினும் அது தரும் பாடம் பெரியது: செலவாகும் அதே நேரத்தில் கண்முன் தெரிந்தால் கை தானாகவே ஆளியை நாடுகிறது.

இவ்வாறே ஒவ்வொரு சாதனத்திலும் ஒரு விளக்கு இருந்தால் எவ்வளவு நன்று! 100 வொட்டுக்குக் கீழ் பச்சை, 500 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது விளங்கும். கடையில் ஒட்டியிருக்கும் நட்சத்திர அடையாளம் வாங்கும் நாளில் மட்டும் பேசும். இந்த விளக்கோ தினமும் பேசும்.

கையிலிருக்கும் விளக்கு

அப்படியொரு விளக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இலத்திரனியல் மீட்டரின் முகப்பில் விட்டுவிட்டுச் சிமிட்டும் சிறு விளக்கொன்று உண்டு. ஓர் அலகுக்கு எத்தனை சிமிட்டல் என்ற எண்ணும் அருகில் அச்சிடப்பட்டிருக்கும். அது 1000 ஆயின், இரு சிமிட்டல்களுக்கு இடையிலான விநாடிகளால் 3600ஐப் பிரியுங்கள். கிடைப்பது அந்நேரத்தில் வீடு இழுக்கும் வொட் அளவு. 36 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டினால் 100 வொட். 2 விநாடிக்கு ஒருமுறையாயின் 1800 வொட். 1600 என்றிருந்தால் 3600க்குப் பதிலாக 2250ஐப் பிரிக்க வேண்டும். பழைய மீட்டராயின் உள்ளே சுழலும் தட்டின் வேகத்தைக் கவனித்தாலே போதும்.

ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளோடு இதைச் செய்து பாருங்கள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சாதனமாகப் போட்டு, சிமிட்டலை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் நிறுத்திய பின்னும் விளக்கு சிமிட்டினால், மறந்துபோன ஏதோ ஒன்று இயங்குகிறது. அல்லது மின்கசிவு இருக்கலாம். எதுவென்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் மின்னியலாளரிடம் காட்டுங்கள். மீட்டரையோ அதன் முத்திரையையோ எக்காரணம் கொண்டும் தொட வேண்டாம், பார்த்தாலே போதும்.

பின்னர் பச்சை, மஞ்சள், சிவப்புக் கடதாசித் துண்டுகளைப் பிள்ளைகளின் கையால் சாதனங்களில் ஒட்டச் செய்யுங்கள். சிவப்பு ஒட்டியவற்றை ஒழிக்கச் சொல்லவில்லை. அளவறிந்து பாவிக்கவே சொல்கிறோம். உடுப்புகளை நாளுக்கொன்றாக அல்லாமல் வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்து அயன் பண்ணலாம். தேவையான அளவு தண்ணீரை மட்டும் கொதிக்க வைக்கலாம். நோயாளியின் மருந்துள்ள பிரிட்ஜிலோ பிள்ளை படிக்கும் விளக்கிலோ சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஒரே மீட்டரில் இரு குடும்பங்கள் வாழும் வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். பட்டியலைச் சரிபாதியாகப் பிரிப்பதா, ஆட்கணக்கில் பிரிப்பதா என்ற பேச்சில் சகோதரர்களுக்கிடையே மனக்கசப்பு வந்துவிடுகிறது. எந்தச் சாதனம் எவ்வளவு எடுக்கிறது என்று இரு தரப்பும் சேர்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டால் நியாயமாகப் பிரிக்கலாம். சந்தேகத்துக்கு இடமிராது.

வீட்டில் சிக்கனம் வர ஏச்சும் பேச்சும் தேவையில்லை. செலவு எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்தால் போதும். அடுத்த பட்டியல் வருமுன் மீட்டர் அருகே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்!