காதில் விழுந்த டிரங்க் லைன்

1960களில் அமெரிக்காவில் வெளியூருக்கு டயல் செய்தவர்களின் காதில், மறுமுனை மணி அடிப்பதற்கு முன், சில விரைந்த சுரங்கள் மெலிதாக விழுவதுண்டு. ஒரு எக்ஸ்சேஞ்ச் இன்னொரு எக்ஸ்சேஞ்சுக்கு எண்ணைச் சொல்லும் ஓசை அது. அதற்கு முன் ஆபரேட்டர்கள் ஊருக்கு ஊர் வாயால் சொல்லிவந்த வேலை. 1951 நவம்பர் 10 அன்று நியூ ஜெர்சியின் எங்கிள்வுட்டிலிருந்து கலிஃபோர்னியாவின் அலமேடாவுக்கு ஆபரேட்டர் இல்லாமல் டயல் செய்த அழைப்பு 18 நொடியில் இணைந்தது.

டிரங்க் லைன் எனப்படும் நெடுந்தொலைவு லைன்கள் குரலுக்குரிய அலைவெண்களை மட்டுமே கடத்தின. ஆகவே அமெரிக்கத் தொலைபேசி வலையை நடத்திய பெல் நிறுவனம் கட்டளைகளையும் குரல் போகும் வழியிலேயே அனுப்பியது. லைன் சும்மா இருக்கையில் 2600 ஹெர்ட்ஸ் ஒலி அதில் ஓடிக்கொண்டிருக்கும். ஒலி நின்றால் அழைப்பு வருகிறது என்று பொருள். எண்களுக்கு 700 முதல் 1700 ஹெர்ட்ஸ் வரை ஆறு சுரங்கள், இலக்கம் ஒன்றுக்கு இரண்டிரண்டாக. 700-உம் 900-உம் சேர்ந்தால் 1. 1300-உம் 1500-உம் சேர்ந்தால் 0. நொடிக்கு ஏழு இலக்கம் வரை போகும்.

கேட்க முடிந்ததைப் பாடிக்காட்டவும் முடிந்தது. பார்வையற்ற ஜோ எங்கிரெசியா வெறும் சீழ்க்கையாலேயே 2600-ஐ எட்டினார். அழைத்தவர் போனை வைத்துவிட்டார் என்று நம்பும் தொலைதூர எக்ஸ்சேஞ்ச், சீழ்க்கை நின்றதும் புதிய எண்ணுக்குக் காத்து நிற்கும். சுரங்களின் அலைவெண்களைப் பெல் பொறியாளர்களே 1960-இல் தங்கள் ஆய்விதழில் அச்சிட்டிருந்தார்கள். அவற்றை எழுப்பிய ‘நீலப் பெட்டி’ என்ற கருவி பற்றி 1971 அக்டோபர் எஸ்குவயர் இதழ் எழுதியதும் ஊரறிந்த செய்தியாயிற்று. இப்படிப் பெற்ற இலவச அழைப்பு திருட்டுதான். ஆனாலும் அதைச் செய்தவர்களைத் திருடர்கள் என்று மட்டும் சொல்லிக் கடக்க எனக்கு மனமில்லை. அவர்களில் பார்வையற்ற இளைஞர்கள் பலர். ஒரு கண்டம் முழுவதும் பரவிய இயந்திரத்தைக் காதால் மட்டுமே படித்து அறிந்தவர்கள்.

1976-இல் பெல் நிறுவனம் கட்டளையைக் குரலிலிருந்து பிரிக்கத் தொடங்கியது. மேடிசனுக்கும் சிகாகோவுக்கும் இடையே தனித் தரவு இணைப்பு ஒன்று வந்தது. வேகம் நொடிக்கு 2400 பிட். அதன் வழித்தோன்றலான எஸ்எஸ்7 என்ற கட்டளை முறை அமெரிக்காவில் 56,000 பிட்டில் ஓடியது. முன்பு மறுமுனை வேறு பேச்சில் இருந்தாலும், அந்த ‘எங்கேஜ்ட்’ ஒலியைக் கேட்பதற்காகவே நாட்டின் குறுக்கே ஒரு லைன் முழுதும் பிடிபட்டுக் கிடக்கும். இப்போது செய்தி மட்டும் போய்த் திரும்புகிறது, லைன் அடுத்தவருக்குக் கிடைக்கிறது. பத்து நொடிக்கு மேல் ஆன இணைப்பு இரண்டு மூன்று நொடியில் முடிகிறது. அழைப்பவரின் எண் திரையில் தெரிவதும், ஒரு நாட்டுக் கைபேசி இன்னொரு நாட்டில் வேலை செய்வதும் இந்தப் பிரிவினை தந்தவை. மினசோட்டாவின் வவீனா என்ற சிற்றூரில் மட்டும் பழைய சுரங்கள் 2006 ஜூன் வரை ஒலித்தன.

வெளியார் நுழையும் வழி அடைபட்டது. உள்ளிருந்து வருவதை அப்படியே நம்பும் பழக்கம் மட்டும் போகவில்லை. 2600 ஒலியை யார் எழுப்பினார்கள் என்று அன்றைய எக்ஸ்சேஞ்ச் கேட்டதில்லை. ஒரு தொலைபேசி நிறுவனம் அனுப்பியதாக வந்த செய்தியை எஸ்எஸ்7-உம் கேள்வியின்றி ஏற்றது. ஒருவரின் கைபேசி எங்கே இருக்கிறது என்பதை இவ்வழியே அறியலாம் என்று 2014 டிசம்பரில் ஹாம்பர்க் மாநாடு ஒன்றில் செய்து காட்டினார்கள். 2017-இல் ஜெர்மனியில் வங்கிக் கடவுச்சொல் குறுஞ்செய்திகள் திசைதிருப்பப்பட்டு, கணக்குகளிலிருந்து பணம் போனது. சீழ்க்கையடித்தவர்களால் இழப்பு பெல் நிறுவனத்துக்கு. இங்கே இழந்தவர்கள் சந்தாதாரர்கள், அவர்கள் காதில் விழுவதற்கு எதுவும் இல்லை. கைபேசி நிறுவனங்கள் பலவும் இப்போது தங்கள் எல்லையில் வடிகட்டிகளை வைத்து, ஒவ்வொரு செய்தியும் எங்கிருந்து வருகிறது, அதை அனுப்ப அனுப்பியவருக்கு உரிமை உண்டா என்று சோதிக்கின்றன.