பூனைக்கும் சர்க்கரை: வீட்டில் அளப்பதும் ஊசி நிற்பதும்

சர்க்கரை வியாதியைப் பற்றி நம்மவர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கமானாலும் சரி, மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு பக்கமானாலும் சரி, குளுக்கோமீட்டர் இருக்கிற வீடுகள் ஏராளம். ஆனால் அதே வியாதி வீட்டுப் பூனைக்கும் வரும் என்றால் சிரிக்கிறார்கள். எங்கள் பூனைக்கு ஒன்பதாம் வயதில் வந்தது. "வயசாயிடுச்சு, விட்டுடுங்க" என்று சொன்னவர்களே அதிகம். விட்டுவிடத் தேவையில்லை, சீக்கிரம் கவனித்தால் ஊசியே வேண்டாத நிலைகூட வரலாம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

உள்ளே நடப்பது என்ன?

பூனைக்கு வருவது பெரும்பாலும் மனிதருக்கு நடுவயதில் வருகிற இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றது. உடல் பருத்த, வீட்டுக்குள்ளேயே இருக்கிற, கருத்தடை செய்த கடுவன்களுக்கு அதிகம் வரும். சிலவற்றுக்கு ஸ்டீராய்டு மருந்தால் வரும்.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் இருக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறியே கிடந்தால் அந்தச் செல்கள் களைத்துப் போகின்றன. இன்சுலின் குறைகிறது, சர்க்கரை இன்னும் ஏறுகிறது. கிணற்று மோட்டாரை நினைத்துக் கொள்ளுங்கள். சூடாகி நின்ற மோட்டாரை ஆறவிட்டால் திரும்ப ஓடும். காயில் கருகிவிட்டால் ஓடாது. வெளியிலிருந்து இன்சுலின் கொடுப்பது பீட்டா செல்லுக்கு ஓய்வு கொடுப்பதுதான். தாமதித்தால் அந்த இடத்தில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து செல்கள் அழிந்து போகும். ஆகவே நாட்கணக்கு முக்கியம்.

அடையாளங்கள்

தண்ணீர் அதிகம் குடிக்கும், மூத்திரம் அதிகம் போகும். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கும். நரம்பு பாதித்தால் பின்னங்கால் குதி தரையில் படும்படி நடக்கும். மூத்திரத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துக் கண்டுகொள்வது நம் முன்னோர் வழக்கம். மனிதருக்கு ரத்தச் சர்க்கரை 180 அளவைத் தாண்டினாலே மூத்திரத்தில் இறங்கும். பூனைக்கு ஏறக்குறைய 250க்கு மேல் போனால்தான் இறங்கும். எறும்புக்காகக் காத்திருந்தால் காலம் போய்விடும்.

ஏன் வீட்டில் அளக்க வேண்டும்?

கூடையில் அடைத்து, பஸ்ஸிலோ ஜீப்பிலோ ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடும். நோயில்லாத பூனைக்கும் இப்படி ஏறும். அதனால் மருத்துவர்கள் ஃப்ரக்டோசமின் என்ற பரிசோதனையும் செய்வார்கள். அது கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும். ஆனால் ஊசி மருந்தின் அளவைத் தீர்மானிக்க அன்றன்றைய ஏற்ற இறக்கம் தெரிய வேண்டும். அதற்கு வீடுதான் சரியான இடம்.

காதின் ஓரத்தில் வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுங்கள். பின்பக்கம் கொஞ்சம் பஞ்சு வைத்து, ஓரத்து நரம்புக்குப் பக்கத்தில் லான்செட்டால் ஒரு குத்து. கடுகளவு ரத்தம் போதும். பிறகு பஞ்சால் அழுத்திப் பிடித்து, ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுத்தால் மறுநாள் தானாகவே வந்து உட்காரும். எங்கள் பூனைக்கு இது பழக ஒரு வாரம் ஆயிற்று.

மருத்துவர் சொல்லும் நாளில் காலை ஊசிக்கு முன் ஒரு தடவை, பிறகு இரண்டு மணிக்கு ஒரு தடவையாக 12 மணி நேரம் அளந்து எழுத வேண்டும். அதில் மிகக் குறைந்த எண்தான் முக்கியம். அது பொதுவாக 80க்கும் 150க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பார்கள். இன்னொரு விஷயம். மனிதருக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்தே காட்டும். மனித ரத்தத்தில் குளுக்கோஸ் சிவப்பணுவுக்குள்ளும் கணிசமாக இருக்கிறது. பூனைக்குப் பெரும்பகுதி வெளியே பிளாஸ்மாவில்தான் இருக்கிறது. கணக்கு மாறுவதற்குக் காரணம் அதுதான். ஆகவே எந்த மீட்டரில் அளக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மீட்டரை இடையில் மாற்றாதீர்கள்.

ஊசியிலும் சாப்பாட்டிலும் கவனம்

நம் மருந்துக் கடைகளில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு விதமாக இன்சுலின் கிடைக்கிறது. 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. கிளார்ஜின் இன்சுலின் 100 வகை. அதைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஒரு யூனிட் என்று எடுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். பூனைக்கு அது உயிருக்கே ஆபத்து.

பூனை மாமிசப் பிராணி. பால்சோறும் மீன்குழம்புச் சோறும் சர்க்கரையை ஏற்றும். மாவுச்சத்து குறைந்த, புரதம் நிறைந்த உணவு வேண்டும். ஆனால் சோற்றை நிறுத்தினதும் சர்க்கரை மளமளவென்று இறங்கும். பழைய அளவிலேயே ஊசி போட்டால் பூனை சுருண்டு விழும். மாற்றத்தை மருத்துவரிடம் சொல்லி, அடிக்கடி அளந்துகொண்டே செய்ய வேண்டும். மத்தி போன்ற மீனைப் பச்சையாகப் போடக் கூடாது, வைட்டமின் பி1 கெட்டுவிடும்.

பூனை தள்ளாடினால், நடுங்கினால், உடனே அளந்து பாருங்கள். 60க்குக் கீழே போனால் சாப்பாடு கொடுங்கள். சாப்பிட முடியாவிட்டால் தேனோ சர்க்கரைப் பாகோ ஈறில் தடவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். வலிப்பு வரும்போது வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சாப்பிடாமல் வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடந்தால் கீட்டோன் விஷமாக இருக்கலாம், அதுவும் அவசரமே.

ஊசி நிற்குமா?

நிற்கலாம். ஊசி இல்லாமல் நான்கு வாரம் சர்க்கரை சரியாக இருந்தால் அதை ரெமிஷன், அதாவது தணிவு என்கிறார்கள். ஜெர்மனியின் கிர்ஸ்டன் ரூம்ப், ஆஸ்திரேலியாவின் ஜாக்கி ரான்ட் இருவரும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிளார்ஜின் கொடுத்து, வீட்டிலேயே நெருக்கமாக அளந்த 55 பூனைகளில் 64 சதவீதம் தணிவு கண்டன. நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் இந்த முறைக்கு வந்தவற்றில் 84 சதவீதம். பிந்தி வந்தவற்றில் 35 சதவீதம். அவை மிகுந்த அக்கறையுள்ள வீடுகள். எல்லாருக்கும் அதே பலன் என்று சொல்ல முடியாது. ஆனால் சீக்கிரம் தொடங்கினால் நல்லது என்பதில் ஐயமில்லை.

அமெரிக்காவில் 2022இலும் 2023இலும் பெக்ஸாகிளிஃப்ளோசின், வெலாகிளிஃப்ளோசின் என்ற வாய்வழி மருந்துகள் பூனைக்கு அனுமதிக்கப்பட்டன. இவற்றில் சர்க்கரை ஏறாமலேயே கீட்டோன் விஷம் வரக்கூடும். அப்பாவின் மாத்திரையைப் பூனைக்கு உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம்.

எங்கள் பூனைக்கு நான்காம் மாதம் ஊசி நின்றது. தணிவு என்பது குணமல்ல, திரும்ப வரலாம். அதனால் வாரம் ஒரு தடவை அளக்கிறோம், மாதம் ஒரு தடவை எடை பார்க்கிறோம்.

எங்கே போவது?

முதலில் பக்கத்து மிருகாசுபத்திரி. மேற்கொண்டு வேண்டுமானால் பாலக்காட்டாருக்கு மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம். மறையூர்க்காரருக்கு உடுமலையிலும், குமுளிக்காரருக்குத் தேனியிலும் தமிழ்நாட்டுக் கால்நடைக் கல்லூரிகள் உண்டு. போகும்போது பூனையோடு நீங்கள் எழுதி வைத்த நோட்டையும் கொண்டுபோங்கள். மருந்தளவைத் தீர்மானிக்க மருத்துவருக்கு அந்த எண்கள்தான் துணை.