கச்சேரி சொன்ன கணக்கு

வன்னி வழித்தடங்கள் – 11

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-34 வீதியில், கடலை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் முள்ளியவளையும் தண்ணீரூற்றும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயில், வயல், தென்னை, வற்றாத நிலத்தடி நீர் என்று இருந்த ஊர். 2008 கடைசியில் இந்தப் பக்கத்துச் சனம், கூரைத் தகரம் முதல் ஆட்டுக்குட்டி வரை உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புப் பக்கம் போய்விட்டது.

சனத்தோடு அரசாங்கமும் இடம்பெயர்ந்தது. வன்னியை வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடாது. புலிகளின் ஆட்சிக்குள் இருந்த அந்த நிலத்தில் கச்சேரி என்ற மாவட்டச் செயலகம் நடந்தது, பிரதேச செயலகம் நடந்தது, பள்ளிக்கூடமும் ஆசுப்பத்திரியும் நடந்தன. அங்கே வேலை பார்த்தவர்களுக்குச் சம்பளம் கொழும்பிலிருந்துதான் வந்தது. கிராம சேவையாளர் மரத்தடியில் கொப்பியை விரித்துக் குடும்ப அட்டையைப் பார்த்துத் தலையெண்ணுவார். அந்த எண்ணிக்கை பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து கச்சேரிக்கும், கச்சேரியிலிருந்து கொழும்புக்கும் போகும். கொழும்பு அதை வைத்துத்தான் அரிசி, மா, பருப்பு, மருந்து எல்லாவற்றையும் அளந்து அனுப்பும். யுத்தத்தின் நடுவிலும் பிசகாமல் நடந்துவந்த நடைமுறை இது.

2008 செப்டெம்பரில் ஐ.நா. அலுவலகங்கள் கிளிநொச்சியை விட்டுப் போனதைப் போன கிழமை எழுதியிருந்தேன். அதன் பிறகு உள்ளே நடப்பதைப் பதிவு செய்து வெளியே சொல்ல மிஞ்சியவர்களில் முக்கியமானவர்கள் இந்த அரசாங்க ஊழியர்களே. முல்லைத்தீவு மேலதிக அரச அதிபர் கே. பார்த்திபன் சனத்தோடு உள்ளேயே நின்றார். உள்ளே மூன்று லட்சத்து முப்பதாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று அவருடைய அறிக்கை சொன்னது. கொழும்பு அமைச்சர்களோ எழுபதாயிரம் என்றார்கள்.

இந்த வித்தியாசத்தை ஒரு கணம் சோற்றுக் கணக்காகப் பாருங்கள். எழுபதாயிரம் பேருக்கு ஒரு கிழமைக்குப் போதுமான உணவை மூன்று லட்சத்து முப்பதாயிரம் பேருக்குப் பகிர்ந்தால் ஒன்றரை நாளில் தீர்ந்துவிடும். மருந்தும் அதே விகிதம்தான். ஆகவே கச்சேரி அனுப்பிய அந்த எண் வெறும் புள்ளிவிபரமாக இருக்கவில்லை. பட்டினி வரப்போகிறது என்று முன்கூட்டியே அடித்த மணி அது. 2009 மார்ச்சில் அமைச்சிலிருந்து பதில் வந்தது: உங்கள் எண்ணிக்கை ஆதாரமற்றது, இப்படித் தவறான தகவல் கொடுத்தால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்க நேரிடும்.

கொழும்பின் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். புலிகள் நிவாரணத்தில் பங்கெடுக்கிறார்கள், அதனால் கணக்கைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்பது அவர்களின் வாதம். புலிகள் பங்கெடுத்தது பொய்யல்ல. ஆனால் ஆளில்லா விமானங்கள் இரவு பகலாகத் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஒரு துண்டு நிலத்தில், கடற்கரை மணலில் நெருக்கியடித்துக் கிடந்த தறப்பாள் கூடாரங்கள் எவர் கண்ணுக்கும் தப்பியிருக்காது. ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல், அரசு எண்ணிக்கையை வேண்டுமென்றே குறைத்துக் காட்டியது என்ற முடிவுக்கு வந்தது. முன்கூட்டிச் சொன்னதை மறுத்த கதை இதற்கு முன்னும் உண்டு. இதே முல்லைத்தீவுக் கடற்கரையை 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அள்ளிக்கொண்டு போனது. தாய்லாந்தின் வானிலைத் துறைத் தலைவராக இருந்த ஸ்மித் தர்மசரோஜா, அப்படியொரு அலை வரக்கூடும் என்று 1998இலேயே சொல்லி, சுற்றுலாவைக் கெடுக்கிறார் என்ற ஏச்சை வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவரை மறுத்தவர்களுக்கு, கடலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது என்ற சாட்டாவது இருந்தது. வன்னியில் அந்தச் சாட்டும் இல்லை.

வைத்தியர்களின் கதையும் இதே தடத்தில் போகிறது. கிளிநொச்சிப் பிராந்திய சுகாதார சேவைப் பணிப்பாளர் த. சத்தியமூர்த்தி, முல்லைத்தீவுப் பணிப்பாளர் து. வரதராஜா, முல்லைத்தீவில் பணியாற்றிய வீ. சண்முகராஜா எல்லாரும் சுகாதார அமைச்சின் ஊழியர்கள். வைத்தியசாலைகள் இருக்கும் இடம் இரு தரப்புக்கும் தெரிவிக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் உடையார்கட்டில் ஷெல் விழுந்தது, புதுக்குடியிருப்பில் விழுந்தது, புதுமாத்தளனில் விழுந்தது. பள்ளிக்கூடக் கட்டடங்களே வைத்தியசாலைகளான நாட்கள் அவை. ஏற்றக் குருதி இல்லை. காயப்பட்டவரின் உடலிலிருந்து வழியும் குருதியையே பிடித்து, துணியில் வடித்து, அவருக்கே திருப்பி ஏற்றினார்கள். மயக்க மருந்து இல்லாமல், சத்திரசிகிச்சைக் கத்தியும் இல்லாமல், இறைச்சி வெட்டும் கத்தியால் கால்களைக் கழற்றவேண்டி வந்தது.

மார்ச் நடுவில் இரண்டு பணிப்பாளர்களும் அமைச்சுக்குக் கடிதம் எழுதினார்கள். நுண்ணுயிர்கொல்லி, மயக்க மருந்து, சேலைன் எதுவும் வந்துசேரவில்லை, அடிப்படை மருந்துகள் இருந்திருந்தால் வைத்தியசாலையில் நடந்த சாவுகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்திருக்கலாம் என்பது அதன் சாரம். இரண்டு அரசாங்க உத்தியோகத்தர்கள் முறைப்படி தங்கள் மேலதிகாரிக்கு எழுதிய கடிதம். அவர்களுக்கும் ஒழுக்காற்று நடவடிக்கை என்ற மிரட்டல்தான் மிஞ்சியது.

கொழும்பிலிருந்த ஐ.நா. அலுவலர்கள் சாவுகளை எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள். எண்ணியதை வெளியிடத்தான் தயங்கினார்கள். மனித உரிமை ஆணையாளர் நவநீதம் பிள்ளை மார்ச் 13 அன்று, ஜனவரி 20க்குப் பிறகு 2,800க்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று பகிரங்கமாகச் சொன்னார். சொல்லவேண்டாம் என்று அவரைத் தடுக்கப் பார்த்தவர்களில் ஐ.நா.வின் மூத்த அதிகாரிகளே இருந்தார்கள் என்பது 2012இல் சார்ள்ஸ் பெட்ரியின் உள்ளக அறிக்கை வந்தபோது வெளிப்பட்டது.

புலிகளை இந்தக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. இந்தப் பாதையில் போனால் சனம் அழியும் என்று வாய்விட்டுச் சொல்ல அவர்களின் நிலத்தில் இடமிருக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று வீதியில் சுட்டுக் கொல்லப்பட்ட நாளிலிருந்தே அது எல்லாருக்கும் விளங்கியிருந்தது. 1990 ஒக்டோபரில் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் தலைமுறைகளாக இருந்த முஸ்லிம் அயலவர்களை வெளியேறச் சொன்னபோது, இது தப்பு என்று நினைத்த தமிழர்கள் இல்லாமலில்லை. நினைத்ததோடு சரி. 2009இல் அந்தத் துண்டு நிலத்தை விட்டு ஓட முயன்றவர்கள் மீது புலிகளே சுட்டார்கள். உள்ளே வாய் திறந்தால் ஒரு துவக்கு, வெளியே கடிதம் எழுதினால் ஒரு மிரட்டல். இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் அந்த உத்தியோகத்தர்கள் கணக்கு எழுதினார்கள்.

மே நடுவில் வெளியே வந்த வைத்தியர்கள் கைதானார்கள். வரதராஜா படுகாயத்தோடு வந்தவர். யூலை 8 அன்று ஐந்து வைத்தியர்களைக் கொழும்பில் பத்திரிகையாளர் முன் இருத்தினார்கள். ஜனவரியிலிருந்து மே நடுப்பகுதி வரை இறந்த பொதுமக்கள் 650 முதல் 750 வரைதான், புலிகளின் நெருக்குதலால்தான் கூட்டிச் சொன்னோம் என்றார்கள் அவர்கள். தடுப்புக்காவலில் இருந்து அழைத்துவரப்பட்டவர்கள் அதைத் தவிர வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்?

ஆனால் கூட்டல் கழித்தலைத் தடுப்பில் வைக்க முடியவில்லை. எழுபதாயிரம் பேர்தான் என்று சொல்லப்பட்ட நிலத்திலிருந்து வெளியே வந்து, பெரும்பாலும் செட்டிகுளம் மெனிக் பாமுக்கு அனுப்பப்பட்டவர்கள் இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேல். அரசாங்கத்தின் சொந்தத் தொகைமதிப்புத் திணைக்களம் 2012இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, வடக்கில் 2009இல் அசாதாரண முறையில் இறந்தவர்கள் ஏழாயிரத்துக்கும் மேல் என்றது. அதுவும் குறைவு என்று வாதிடுபவர்கள் உண்டு, நானும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் வைத்தியர்களின் வாயில் வைக்கப்பட்ட எண்ணைப் போல அது பத்து மடங்கு.

வைத்தியர்கள் பிணையில் வந்தது 2009 ஓகஸ்ட் 24. சரியாக ஒரு கிழமை கழித்து, ஓகஸ்ட் 31 அன்று, பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகத்துக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இருபது ஆண்டு கடூழியச் சிறை விதித்தது. 2006இல் கிழக்கிலங்கையின் வாகரைச் சனத்துக்கு உணவும் மருந்தும் மறுக்கப்படுகிறது என்று எழுதியதும் அவருடைய குற்றங்களில் ஒன்று. வன்னியில் நடக்கப்போவதற்கு வாகரை எப்படி ஒத்திகையானது என்பதை அடுத்த கிழமை பார்ப்போம்.

(தொடரும்)